காணாமல் போன கிறீச்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது நகவெட்டியை. “வச்ச இடத்துலதான் இருக்கும்” என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். அவர் தேடவில்லை. முடி வெட்டிக்கொண்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார். தெருமுனைக் கடையின் நாற்காலியில், ஒரு கன்னம் மழித்தாகி மறு கன்னத்துக்கு நுரை போட்டிருந்த நேரத்தில், அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று முடிதிருத்துபவர் நினைத்துக்கொண்டார். எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். அன்று பிற்பகல் அதே முடிதிருத்துபவர் சவரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, எல்லாரும் அழுதுகொண்டிருக்க, விட்டுப்போன கன்னத்தை மழித்துவிட்டுத்தான் போனார்.

வண்டி அன்று கொட்டகையில் நின்றது. பழைய பிக்கப். இருபத்திரண்டு வருடம் அவர் அதில் ஜன்னல் கண்ணாடி ஏற்றினார். அதனால் தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். வண்டிக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், அதன் கிளட்ச் போட்ட சத்தத்துக்கு. தெருத் திருப்பத்தில் வேகம் குறைந்ததும் ஆரம்பிக்கும். துருப்பிடித்த கதவும் கிழட்டுப் பூனையும் சொத்துத் தகராறில் இறங்கியது போல ஒரு கிறீச். வாசல் வரை விடாது. அதைக் கேட்டுத்தான் அவள் டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்கும் தண்ணீர் தளதளப்பதற்கும் சரியாக இருக்கும்.

மூன்றாம் வாரமே கொழுந்தன் மெல்லப் பேச்செடுத்தான். “நின்னா துருப்பிடிச்சுடும் அண்ணி. யாராவது ஓட்டறவங்க கையில குடுத்துடலாம்.”

“அந்தச் சத்தம் அதுல இருக்கிற வரைக்கும் வண்டி வாசலைத் தாண்டாது” என்றாள் அவள். அது காரணமே இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லத் துணியவில்லை.

ஆறாம் வாரம் வியாழக்கிழமை கொழுந்தன் வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். கிளட்ச்சை மிதித்தான். சத்தம் வரவில்லை. பத்துத் தடவை மிதித்தான். வண்டி ஊமை கண்ட கனவு போல ஒன்றும் சொல்லாமல் நின்றது. அவள் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சு நின்றது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். சத்தம் இல்லாவிட்டால் வண்டியும் இல்லை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொள்ள ஆள் வருவதாக ஏற்பாடு.

வேறு ஒருத்தியாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பாள். அவள் பதினோரு வருடமாக ஒரு வாடகை நூலகத்தில் பாக்கெட் நாவல்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருப்பவள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் துப்பறிவாளரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

துப்பறிவாளர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உதவியாளர் அவருடைய சொந்தத் தம்பி, நாற்பது வயது, ஓரிடத்தில் நிற்காததால் பம்பரம் என்று பெயர். கொட்டகையை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு நோட்டைப் பிரித்தான்.

“திருட்டுப் போன பொருளோட அடையாளம் சொல்லுங்க.”

“கிறீச்” என்றாள் அவள்.

“நீளம்?”

“தெருத் திருப்பத்துலேர்ந்து வாசல் வரைக்கும்.”

“நூறு அடி இருக்குமா? அக்கா, நூறு அடிப் பொருளைத் தூக்கிட்டுப் போயிருக்கான். தனியாளா இருக்க முடியாது.”

“எழுதுடா, பேசாதே” என்றார் துப்பறிவாளர். பிறகு அவளிடம், “யார் மேல சந்தேகம்?” என்றார்.

அவள் வாசல் கம்பிக் கதவோரம் சாவியோடு நின்ற கொழுந்தன் பக்கம் மோவாயை மட்டும் திருப்பினாள்.

“அண்ணி, நான் ஜல்லி லாரி ஓட்டறவன்” என்றான் அவன் பரிதாபமாக. “வண்டியில சத்தம் வர வைக்கத்தான் எனக்குத் தெரியும். நிறுத்தத் தெரியாது.”

“அந்த வாதத்துல பலம் இருக்கு” என்று பம்பரம் எழுதிக்கொண்டான்.

துப்பறிவாளர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, மிதிகளுக்கு நேரே தலையை நுழைத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. “எண்ணெய்” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தூக்கம் வராத வியாதிக்காரர். அந்தக் கிறீச்சைப் பற்றி வாரம் ஒரு முறை புகார் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“நான் அந்தக் கொட்டகைப் பக்கமே வந்ததில்ல” என்றார். “தையல் மெஷின் எண்ணெயைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு தானா வந்து சொல்றாரு” என்றான் பம்பரம். “சார், தையல் மெஷின்னு நாங்க சொல்லவே இல்லையே. இறங்கி வாங்க. சுவத்துமேல வாக்குமூலம் வாங்கினா செல்லாது.”

வாத்தியார் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு மாசம் முன்னாடிம்மா. அவர் குளிக்கப் போன நேரம். அரை பாட்டில் ஊத்திட்டேன். மறுநாளும் சத்தம் வந்தது. எண்ணெய் ஊற நாளாகும்போலன்னு இருந்துட்டேன். அவர் போனப்புறம் அது ஊறிடுச்சு. உன் புருஷனோட சத்தத்தைக் கொன்னவன் நான்தான். இப்ப ரெண்டு நாளா வேற காரணத்துக்காகத் தூக்கம் வரல.”

கொழுந்தன் நிமிர்ந்து நின்றான். அவள் வாத்தியாரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்து மனசுக்குள் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். வந்தது வேறு என்னவோ.

துப்பறிவாளர் தலையை வெளியே எடுத்தார். “எந்த மிதியில ஊத்தினீங்க?”

“நடுவுல இருக்கே, அதுல.”

“உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“சைக்கிள்.”

“அது பிரேக் சார்.”

அவள்தான் மெதுவாகச் சொன்னாள். “அவர் சொன்னார். இப்பெல்லாம் பிரேக் வெண்ணெயா இறங்குது, வண்டிக்கு வயசு குறையுதுன்னு.”

வாத்தியார் இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு குற்றவாளி போயாச்சு” என்று பம்பரம் ஒரு கோடு போட்டான். “மணி பதினொண்ணு.”

மெக்கானிக் பட்டறை தெருக்கோடியில். மூவரும் போனபோது மெக்கானிக் ஒரு எஞ்சினுக்கு முன் கைகட்டி நின்று அதை முறைத்துக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். இந்த வட்டாரத்தில் அவர் காதுக்கு அப்படி ஒரு பேர். வண்டி தெருவில் போகும்போதே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

“நான்தான் சரி பண்ணேன்” என்றார், அவர்கள் கேட்பதற்கு முன்பே. “ரிலீஸ் பேரிங் போயிருந்தது. கிளட்ச்சை மிதிச்சா அதைப் போய்த் தள்ளற வளையம். போன வாரம் நீங்க வேலைக்குப் போன நேரமாப் பார்த்து வந்து மாத்திட்டேன். மனுஷன் போயிட்டாரு, அவர் வண்டியாவது அமைதியா இருக்கட்டும்னு.”

“அக்கா, இன்னைக்கு வாக்குமூலம் வரிசை கட்டி நிக்குது” என்றான் பம்பரம். “டோக்கன் குடுத்துடலாமா?”

அவள் தரையில் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்தாள். மெக்கானிக் மாற்றியிருந்தால் மாற்றியதுதான். பழைய வளையம் இரும்புக் குப்பையில் போயிருக்கும். குப்பையிலிருந்து ஒரு சத்தத்தை எப்படிப் பொறுக்கி எடுப்பது?

“பேரிங் மாத்தணும்னா கியர்பாக்ஸைக் கீழே இறக்கணுமே” என்றார் துப்பறிவாளர்.

“ஆமாம். இறக்கினேன்.”

“தனியாவா?”

“தனியா.”

“வாங்க, காட்டுங்க.”

கொட்டகைக்கு வந்ததும் துப்பறிவாளர் தரையில் சாக்கை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தார். மெக்கானிக் நுழையவில்லை. ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, டார்ச்சை அடி. என்ன தெரியுது?”

பம்பரம் குனிந்து பார்த்தான். “குளவிக் கூடு. மண் கூடு. கியர்பாக்ஸுக்கும் சேஸிஸ் கம்பிக்கும் நடுவுல பாலம் மாதிரி கட்டியிருக்கு. நல்ல கொத்தனார்.”

“கூட்டுல என்ன இருக்கு?”

“ஓட்டை. நாலு.”

“குஞ்செல்லாம் வளர்ந்து, ஓட்டை போட்டுக்கிட்டு வெளியே போயாச்சு. அதுக்கு மூணு வாரத்துக்கு மேல ஆகும்” என்றார் துப்பறிவாளர் வெளியே தவழ்ந்து வந்து. “இந்தக் கியர்பாக்ஸை ஒரு விரல்கடை அசைச்சிருந்தாலும் கூடு உதிர்ந்திருக்கும். நீங்க போன வாரம் இறக்கினது எந்த வண்டியோட கியர்பாக்ஸ்?”

மெக்கானிக்கின் காது சிவந்தது. கைத்துணியை எடுத்து, அழுக்கே இல்லாத விரல்களைத் துடைத்தார்.

“செய்யாத வேலையைச் செஞ்சேன்னு எந்த மெக்கானிக்கும் சொல்லலாம்” என்றான் பம்பரம். “ஆனா கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றது புதுசா இருக்கே.”

“எட்டு வருஷம்” என்றார் மெக்கானிக். குரல் இறங்கிவிட்டது. “எட்டு வருஷமா கண்ணாடிக்காரர் என் பட்டறை வாசல்ல வந்து நிப்பாரு. திருப்பத்துலயே கேக்கும், கிறீச்சுனு. ஊரே கேக்கும். இறங்குங்க நான் பாக்கறேன்னு ஏறி உக்காந்து மிதிப்பேன். வராது. நூறு தடவை மிதிச்சாலும் வராது. அவர் ஏறி ஓட்டிக்கிட்டுப் போனா பழையபடி வரும். என்னைக் கண்டா மட்டும் அது வாயைத் திறக்காது. கேக்காத சத்தத்தை எங்கேன்னு தேடிச் சரி பண்றது? என் காதைப் பத்தி ஊர்ல பெருமையாப் பேசறாங்க. இதை யார்கிட்ட சொல்ல? சத்தம் போயிடுச்சுன்னு வியாழக்கிழமை கேள்விப்பட்டேன். நான்தான் சரி பண்ணேன்னு இருந்துட்டுப் போகட்டுமேன்னு...”

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது ஆடுவதை அவர் கவனிக்கவில்லை. “திரும்பச் சொல்லுங்க. நீங்க மிதிச்சா?”

“வராது.”

“அவர் மிதிச்சா?”

“வரும்.”

“தம்பி, கொழுந்தனாரைக் கூப்பிடு.”

கொழுந்தன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. கிளட்ச்சை மிதிக்கச் சொன்னதும் தரை வரை ஒரே மிதி, கரப்பான்பூச்சியைக் கொல்வது போல. சத்தம் இல்லை. விட்டான். மறுபடி ஒரே மிதி. சத்தம் இல்லை. அவன் நிறுத்தியதும் மெக்கானிக் ஏறினார். அவர் மிதியும் அதே மிதிதான், கொஞ்சம் கனம் கூட.

“ரெண்டு பேரும் இறங்குங்க” என்றார் துப்பறிவாளர். “தம்பி, கிளட்ச் மிதியோட ரப்பரைப் பாரு. பிரேக் ரப்பரையும் பாரு.”

“பிரேக் ரப்பர் எண்ணெயில குளிச்சு முழுக்கத் தேஞ்சிருக்கு. கிளட்ச் ரப்பர் புதுசு மாதிரி இருக்கு. மேல் விளிம்பு மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு.”

“கீழே தரை விரிப்பு?”

“ஓட்டை. குதிகால் அளவுக்கு. அக்கா, இந்த வண்டியில நிறைய ஓட்டை கண்டுபிடிக்கிறோம்.”

துப்பறிவாளர் அவள் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுக்காரர் பின்னாடி ஏத்தினது கண்ணாடி.”

“ஆமாம்.”

“கண்ணாடி ஏத்தறவர் கிளட்ச்சை இப்படி மிதிக்க மாட்டார். ஒரு குலுக்கலுக்கு ஒரு விரிசல். குதிகாலைத் தரையில ஊனி, விரல் நுனியால பாதி அழுத்தி, அப்படியே புடிச்சு வச்சிருப்பார். அவர் அழுத்தி அழுத்தி அந்த வளையம் தேஞ்சுபோச்சு. தேஞ்ச வளையம் பட்டும் படாமலும் உரசினா கத்தும். முழுசா அழுத்தினா கெட்டியாப் புடிச்சுக்கிட்டுச் சேந்து சுத்தும், கத்தாது. ஜல்லிக்காரர் மிதிச்சாலும் கத்தாது, மெக்கானிக் மிதிச்சாலும் கத்தாது.”

“அப்ப திருடினது யாரு?” என்றான் பம்பரம். “ஏதாவது எழுதணுமே.”

“யாரும் திருடல. சத்தத்துல பாதி வண்டியோடது, பாதி அவர் காலோடது.” துப்பறிவாளர் சற்று நிறுத்தி அவளிடம் கேட்டார். “அந்தக் காலை நீங்க பார்த்திருக்கீங்களா?”

இருபத்திரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறாள். சாலையை எங்கே பார்த்தாள்? அவர் பேசும்போது முகத்தைப் பார்ப்பாள். பேசாமல் ஓட்டும்போது குனிந்து கால்களைப் பார்ப்பாள். இடது கால் விரல்கள், தூங்குகிற குழந்தையின் மேல் வைத்த கை மாதிரி, அழுத்துகிறதா இல்லையா என்று தெரியாமல் அந்த மிதியின்மேல் இருக்கும்.

“பார்த்திருக்கேன்.”

“ஏறுங்க.”

“எனக்கு ஓட்டத் தெரியாது.”

“தெரிஞ்சவங்கதான் காலைலேர்ந்து தப்புத் தப்பா மிதிக்கிறாங்க. ஏறுங்க. தம்பி பக்கத்துல உக்காந்து கியர் விழாமப் பார்த்துப்பான்.”

கொழுந்தன் ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டான். பேச்சில்லாத மூன்று நாளில் முதல் முறையாக அவள் அவன் தோளைப் பற்றி ஏறினாள். பம்பரம் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கியர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், அது ஓடிவிடும் என்பது போல. எஞ்சின் கிளம்பியது. அவள் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். விரிப்பின் ஓட்டையில் குதிகால் போய் உட்கார்ந்தது. அவளுடைய குதிகாலுக்கு அது கொஞ்சம் பெரிது. விரல்களை மிதியின் மேல் விளிம்பில் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் ஒரு நூலளவு.

கிறீச்.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. “இந்த நேரத்துல யாருய்யா...” என்று வாத்தியார் பழக்க தோஷத்தில் ஆரம்பித்து, வண்டிக்கு ஐந்தடி தள்ளித் தானே உட்கார்ந்திருப்பது நினைவு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் காதை எஞ்சின் மூடியோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “இத்தனை வருஷத்துல” என்றார், “இவ்வளவு கிட்ட இதை நான் கேட்டதே இல்ல.”

அவள் காலை எடுக்கவில்லை. சத்தம் திருப்பத்திலிருந்து வாசல் வரை வருகிற நேரம் வந்தது, வாசலையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. துடைக்கக் கை எடுத்தால் கால் அசைந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

மெக்கானிக்தான் கடைசியில் ஜன்னலோரம் வந்து மெல்லச் சொன்னார். “அம்மா, இப்படியே உரசினா அந்த வளையம் ரொம்ப நாள் தாங்காது. தினம் இந்த அளவுக்குக் கத்தவிட்டா ஆறு மாசம். அப்புறம் தூளாயிடும். மாத்தறதா இருந்தா நான் மாத்தித் தரேன். இந்தத் தடவை நிஜமா.”

“ஆறு மாசமா?”

“கூடிப்போனா.”

“அப்ப தினம் வேண்டாம்” என்றாள் அவள். “வாரத்துக்கு ஒரு நாள்னா?”

மெக்கானிக் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். வாத்தியார் இருந்த இடத்திலிருந்தே தலையை நிமிர்த்தினார். “மூணரை வருஷம்” என்றார். “ஞாயித்துக்கிழமையா வச்சுக்கோம்மா. அன்னைக்கு எனக்கு எப்படியும் தூக்கம் வராது.”

அவள் காலை எடுத்தாள். கொழுந்தன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். சாவியைச் சட்டைப் பையில் போடப் போனவன், நிறுத்தி, அவள் மடியில் வைத்தான்.

“நாலு மணிக்கு வரவங்களை நான் வழியிலயே பார்த்துச் சொல்லிடறேன் அண்ணி.”

“சொல்லிட்டு இங்க வந்துடு” என்றாள். “டீ போடறேன். எல்லாருக்கும்.”

எல்லாரும் வீட்டுக்குள் போனார்கள். அவள் தண்ணீர் வைத்துவிட்டு டம்ளர்களை எண்ணியபோது ஒரு ஆள் குறைந்தது. கொட்டகையிலிருந்து யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தாள். பம்பரம் அவள் வழக்கமாக உட்காரும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவின் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“இது என்ன கதவும்மா, உள்ளேர்ந்து எப்படித் திறக்கிறது?”

அவர் எப்போதும் அவளுக்குச் செய்வது போல, அவள் சுற்றிக்கொண்டு போய்த் திறந்துவிட்டாள். அந்தக் கதவு வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும்.